தீர்ப்பு வாசிக்கிற நேரம்

பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால், உங்களால் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட முடியுமா? என்னால் முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு டிவியில் வருகிற கோர்ட்டு நாடகத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள், தமிழ் பேசுகிற வெள்ளைக்காரர்கள், மரத்தடுப்புக்குப் பின்னால் இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு பேர். ஜூரி என்பார்கள். அவர்கள் வக்கீலும் இல்லை, போலீசும் இல்லை. கடையில் நிற்கிறவள், பஸ் ஓட்டுகிறவன், என்னைப் போல இடுப்பில் பிள்ளை இறங்காதவள். அவர்கள் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிவு சொல்வார்கள், நீதிபதி சும்மா சுத்தியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் இந்தப் பெஞ்சுக்கு வந்ததும் ஏட்டு செல்லத்துரையிடம் முதலில் அதைத்தான் கேட்டேன், அந்தப் பன்னிரண்டு பேரும் எந்தப் பக்கம் இருப்பார்கள், நான் அவர்களைப் பார்த்துப் பேச வேண்டுமா, நீதிபதியைப் பார்த்தா என்று. அவர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பாப்பா திடுக்கிட்டது. இது வெள்ளைக்காரன் கோர்ட்டு இல்லம்மா, இங்க ஐயா ஒருத்தர்தான் என்றார். போகிற வருகிற போலீஸ்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒரு வக்கீல் குமாஸ்தா மட்டும், முந்தி இங்கயும் இருந்துச்சாம்ல, அப்புறம் எடுத்துட்டாங்க என்று சொல்லிவிட்டுக் கேஸ் கட்டோடு போய்விட்டார். ஏன் எடுத்தார்கள் என்று கேட்பதற்குள் மாடிப்படி ஏறிவிட்டார். நானும் சிரித்துவைத்தேன். எனக்குச் சிரிப்பு சட்டென்று வந்துவிடும், சாவு வீட்டில்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் இன்று அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, மாவாட்டும்போது கரண்ட் போனால் குழவி நிற்குமே அதைப் போல.

கதவு பாதி திறந்திருக்கிறது. நான் சாட்சி என்பதால் கூப்பிடும்வரை உள்ளே போகக் கூடாதாம், மற்ற சாட்சி சொல்வதைக் கேட்கவும் கூடாதாம். கேட்டாலும் ஒன்றும் விளங்காது, ஃபேன் சத்தமும் தட்டச்சுச் சத்தமும்தான் வருகிறது. இங்கிருந்து பார்த்தால் தட்டச்சு செய்கிற அம்மாவின் முழங்கை தெரிகிறது, பச்சை ஜாக்கெட், முழங்கை போய்ப் போய் வருகிறது. ஐயா இருமுவது கேட்கிறது. நாம் தமிழில் சொல்லச் சொல்ல ஐயா அதை இங்கிலீஷில் சொல்வாராம், அந்தம்மா அடிப்பாராம், அவ்வளவுதானாம். நாடகத்தில் சாட்சிக் கூண்டில் ஒருத்தி ஏறினாளானால் அவள் கழுத்து நரம்பைக்கூடக் காட்டுவார்கள். அவள் எச்சில் விழுங்குவாள், அதை அந்தப் பன்னிரண்டு பேரும் பார்ப்பார்கள், அதில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு அம்மா லேசாகத் தலையைச் சாய்ப்பார். நான் எச்சில் விழுங்குவதை இங்கே யார் பார்ப்பார்கள்? பச்சை ஜாக்கெட் அம்மா விசைப்பலகையைப் பார்ப்பார், ஐயா காகிதத்தைப் பார்ப்பார். காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதை ஏட்டு எனக்கு இரண்டு தடவை படித்துக்காட்டிவிட்டார். 'நான் காளீஸ்வரி, கணவர் பெயர் முனீஸ்வரன், மேற்படி விலாசத்தில் குடியிருக்கிறேன், சம்பவத்தன்று பிற்பகல் 2.50 மணிக்குச் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தபோது எனக்கு முன்பே அறிமுகமான தண்ணீர் கேன் போடும் சங்கரலிங்கம், எதிர்வீட்டு வாசலிலிருந்து தன் வண்டியை எடுத்துக்கொண்டு வேகமாகச் சென்றதைப் பார்த்தேன்.' வேகமாக என்று நான் சொன்னேனா? கேன் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் வேகமாகப் போகிற தெருவா அது, நடுவில் அடிபம்பு நிற்கிறது. அதைக்கூட விட்டுவிடலாம். அந்த இரண்டு ஐம்பதுதான், சோற்றில் கல் மாதிரி பல்லில் படுகிறது.

எதிர்வீட்டில் ராஜாமணி டீச்சர் தனியாக இருந்தார், ரிட்டையர் ஆனவர், எட்டு வருடமாக வீட்டுக்காரர் இல்லை. அன்றைக்கு இரண்டரை மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் பேசியிருக்கிறாள், நன்றாகப் பேசியிருக்கிறார், பேரன் சாப்பிட்டானா என்று கேட்டிருக்கிறார். மூன்றரைக்குப் பால்காரம்மா வந்து பார்த்தபோது மாடிப்படிக்குக் கீழே கிடந்தார். கழுத்தில் சங்கிலி இல்லை, கழுத்தில் காயம். அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான். சங்கரலிங்கம், நான் ஒரு மணிக்கே கேன் வைத்துவிட்டுப் போய்விட்டேன் என்கிறார். ஒரு மணிக்குப் பிறகு அவரைப் பார்த்தவள் என்று ஊரில் நான் ஒருத்திதான். அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் தெருவில் வீடு வீடாக வந்தார். எல்லோரும் தெரியாது, தூங்கிட்டோம், பார்க்கலை என்றார்கள். எனக்கு அப்போது பிள்ளை பிறந்து ஆறு மாதம், நான்கு சுவரைத் தவிர ஒன்றையும் பார்க்காமல் இருந்தவள், என்னிடம் ஒருத்தர் ஒரு கேள்வியைக் கேட்டு என் பதிலுக்காகக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை. எத்தனை மணிம்மா இருக்கும் என்றார். தீர்ப்பு வாசிக்கிற நேரம் சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. டிவியில் இரண்டு மணிக்கு ஆரம்பிச்சா, கடைசி விளம்பரம் முடிஞ்சு ஜூரித் தலைவர் எழுந்திரிக்கிறப்ப மூணுக்குப் பத்து இருக்கும் சார், என்னைக்குமே மாறாது, அந்த நேரம்தான் சத்தம் கேட்டுச்சு என்றேன். எங்கள் தெருவில் கடிகாரம் பார்த்து யார் நேரம் சொல்கிறார்கள்? மாமியார் நாடகம் முடியவும் உலை வைப்போம், போலீஸ் நாடகம் போடவும் பிள்ளையைக் குளிப்பாட்டுவோம். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, நல்ல சாட்சிம்மா நீ என்றார். அதை நான் நாலு பேரிடம் சொன்னேன். சொன்னேன் என்ன, சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். டீச்சரைத் தூக்கிக்கொண்டு போன பாயின் ஈரம் காயவில்லை, நான் குழாயடியில் நின்று நேரம் எப்படிக் கணக்குப் போட்டேன் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பதினாலு மாதம் ஆகிறது. சங்கரலிங்கம் ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருக்கிறார்.

பாப்பா வளையலைக் கடிக்கிறது. கடிக்காதே தங்கம். கடைவாய்ப் பல் வருகிறது, எதைக் கொடுத்தாலும் கடிக்கிறது. இதை யாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவது என்பது வேறு பெரிய பாடாக இருக்கிறது. அழுதால் ஐயாவுக்குப் பிடிக்காது, வெளியே யாரிடமாவது கொடுத்துட்டு வா என்று ஏட்டு சொல்லிவிட்டார். நான் வச்சுக்கிடுதேன் என்று அவரே கையை நீட்டினார், காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கத்திய கத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். இவள் அப்பா பதினொரு மணிக்கு வருகிறேன் என்றார். காலண்டர் பிரஸ்ஸில் லோடு வண்டி ஓட்டுகிறவர், பதினொன்று என்றால் மூன்று. வராமலிருந்தாலும் நல்லதுதான். வந்தால் என் முகத்தைப் பார்ப்பார். எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எட்டு நாள் முன்புவரை எனக்கு ஒரு கல்லும் பல்லில் படவில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள், ஐந்து மணிக்குத்தான் வரும். பாப்பா வேர்வையில் பிசுபிசுத்து அழுதது. போனை எடுத்து அரிசி டப்பா மேல் சாய்த்துவைத்து முந்தின நாள் கோர்ட்டு நாடகத்தைப் போட்டேன், போனில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் அல்லவா. ஜூரித் தலைவர் எழுந்து நின்றார், காகிதத்தைப் பிரித்தார். அந்த நேரம் பார்த்துப் பாப்பா வாளியைக் கவிழ்த்தது, நான் விரலால் ஒரு தட்டுத் தட்டி நாடகத்தை நிறுத்திவிட்டு எழுந்தேன். தரையைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் ஜூரித் தலைவர் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்கிறார், எனக்காகக் காத்துக்கொண்டு. இந்த வாயை நான் முன்பு பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் இப்படித்தான் ஒரு வாய் திறந்தபடி எனக்காக நின்றது, அன்றைக்கும் அரிசி டப்பா, அன்றைக்கும் பிள்ளை வேர்வையில் அழுதது. அன்றைக்கு வெளியே காலிக் கேன்கள் தடதடவென்று விழுகிற சத்தம் கேட்டது, எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து, தட்டி ஓடவிட்டு, குற்றவாளி அல்ல என்று அவர் சொன்னதை நிம்மதியாகக் கேட்டேன். டிவி காத்திருக்குமா? டிவியாக இருந்தால் தீர்ப்பு வாசிக்கிற நேரத்தில் கேன் என்ன, கூரையே விழுந்திருந்தாலும் நான் எழுந்து போயிருக்கமாட்டேன். எழுந்து போனேன் என்றால் அன்று டிவி இல்லை. டிவி இல்லை என்றால் மூன்றுக்குப் பத்தும் இல்லை. அது பன்னிரண்டாக இருக்கலாம், ஒன்றாக இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். எந்த நேரத்தையும் நான் பார்க்கவில்லை. பழக்கத்தில் என் வாய் சொல்லிவிட்டது.

சாயங்காலம் இவள் அப்பாவிடம், டீச்சர் செத்த அன்னைக்குக் கரண்ட் இருந்துச்சா என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார், ஏது, அன்னைக்கு ஷட்டவுன்ல, பிரஸ் லீவு, நான் அக்கா வீட்டுக்குல்ல போயிருந்தேன் என்று. அப்புறம்தான் நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் பட்டது. தட்டைத் தள்ளிவைத்தார்.

"இருந்தா இருக்கு, இல்லாட்டி போகுது. எழுதினது எழுதினபடி சொல்லிட்டு வா காளி. பிள்ளையத் தூக்கிட்டு நீ போய் அந்தப் பக்கம் நிக்கப் போறியா?"

அந்தப் பக்கம் என்றால் கூண்டு. ஏட்டும் அதைத்தான் சொல்கிறார். மாற்றிச் சொன்னால் பிறழ் சாட்சி என்று எழுதிவிடுவார்களாம், போலீசிடம் ஒன்று கோர்ட்டில் ஒன்று சொன்னாய் என்று என் மேலேயே கேஸ் திரும்பினாலும் திரும்புமாம். பிறழ் சாட்சி. மார்க் லிஸ்டில் சிவப்பு மையில் போடுவதைப் போலக் கேட்கிறது. நான் பத்தாவது வரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், ஒரு பாடத்தில்கூடச் சிவப்பு மை வாங்கியதில்லை. நாடகத்தில் மாற்றிச் சொல்கிறவளுக்குப் பின்னால் இசை வரும். அவள் அழுவாள், வக்கீல் சும்மா நிற்பார், ஒரு கேள்வியும் கேட்காமல் நிற்பார், அவளே எல்லாவற்றையும் சொல்வாள், பன்னிரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள், கொலை செய்தவன் பின்வரிசையில் எழுந்து ஓடுவான். எப்போதும் ஒருத்தன் ஓடுவான். இங்கே பின்வரிசையில் யாரும் இல்லை, வாய்தாவுக்கு வந்தவர்கள் தூங்குகிறார்கள். இங்கே நான் தெரியாது என்று சொன்னால் உண்மை ஒன்றும் எழுந்து ஓடிவராது. தெரியாது என்பதோடு நின்றுவிடும். நாடகத்தில் ஒரு சாட்சிகூட எனக்கு நேரம் தெரியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை, சொன்னால் அந்த ஆளை எதற்குக் கூட்டிவந்தார்கள் என்று நாமே திட்டுவோம். அதோடு இன்னொன்று இருக்கிறது, அதை நினைக்கும்போதெல்லாம் மனசு வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போகிறது. அவர்தான் செய்திருந்தால்? டீச்சர் வீட்டு மாடிவரை கேனைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள், கை இரும்பு மாதிரி இருக்கும், மணிக்கட்டில் கீறல் இருந்ததாக இன்ஸ்பெக்டர் சொன்னார். கேன் தூக்குகிற கையில் கீறல் இல்லாமல் எப்படி இருக்கும்? எனக்குக் கத்தி வைத்துப் பிள்ளை எடுத்தபோது குனிய முடியாது, அடுப்படிவரை வந்து கேனை வைத்துவிட்டு, அதன் வாயைத் துண்டால் துடைத்துவிட்டு, வச்சுட்டேன் தாயி என்பார். துண்டால் துடைக்கிறவன் கழுத்தை நெரிக்கமாட்டானா என்ன? தெரியவில்லை. டீச்சர்தான் பாப்பாவுக்கு முதல் கவுன் வாங்கிக் கொடுத்தார், மஞ்சள் பூப் போட்டது. டீச்சருக்கு நான் என்ன பதில் சொல்ல? சற்றுமுன் சங்கரலிங்கத்தைக் கைவிலங்கு இல்லாமல் இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்தார், கேன் வைத்துவிட்டுப் போகும்போது ஆட்டுவாரே அதே போலத் தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தப் பெஞ்சின் அந்தக் கோடியில் இருக்கிறவர் அவர் மனைவி மாரிக்கனி. காலையிலிருந்து இருக்கிறார். மஞ்சள் பையில் தூக்குச்சட்டி, மடியில் மடித்த வெள்ளை வேட்டி. நானும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை, நடுவில் நாலு பேர் இடம் காலியாகக் கிடக்கிறது. விளையாட்டுக்கு, வராந்தாவில் இருக்கிறவர்களை வைத்தே ஒரு ஜூரி கட்டிப்பார்த்தேன். வரப்புத் தகராறுக்கு வந்த தாத்தா ஒன்று, விவாகரத்துக்கு வந்து செல்போனில் சிரிக்கிற பிள்ளை இரண்டு, டீ கொண்டுவருகிறவர் மூன்று. ஒன்பதுக்கு மேல் ஆள் கிடைக்கவில்லை. இவர்களிடம் சொன்னால்கூடப் புரியும் என்று தோன்றுகிறது. ஒரு பொம்பளை இருந்தால் போதும், ஷட்டவுன் அன்று பிள்ளையை வைத்துக்கொண்டு நேரம் எப்படிக் குழம்பும் என்று இன்னொரு பொம்பளைக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமா? அந்த நேரம் பாப்பா மடியிலிருந்து நழுவி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டே நடந்து, நாலு பேர் இடத்தையும் தாண்டி நேராக மாரிக்கனியின் முழங்காலைப் போய்ப் பிடித்தது. அவர் பிள்ளையைப் பார்த்தார். முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்தார், வீட்டுப் பிள்ளைக்குத் துடைப்பதைப் போல அழுத்தி. அப்புறம் என்னைப் பார்க்காமல், பிள்ளையிடம் சொல்வதைப் போலச் சொன்னார்.

"உங்க வீட்டுக்கும் அவருதான கேன் போட்டாரு. ஒரு மணிக்கு மேல எங்க தெருவுல கேன் போடுற லைனு. ஒரு நா தப்ப மாட்டாரு."

அவ்வளவுதான். திட்டவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தபோது என் கால் தெரிந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், வெறுங்கால், வராந்தாச் சிமெண்டு குளிர்ச்சியாக இருக்கிறது. வெறுங்கால். அன்றைக்கும் வெறுங்கால்தான். சத்தம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், செருப்புப் போடவில்லை, காலை வைத்ததும் சுட்டது. அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது, ஒரு காலை மாற்றி ஒரு காலாகக் குதித்துக்கொண்டு நின்றேன், வண்டி திரும்புகிறவரை. என் வாசல் மூன்று மணிக்குச் சுடாது. டீச்சர் வீடு மாடிவீடு, மேற்கே இருக்கிறது, இரண்டு மணியானால் அதன் நிழல் தெருவுக்குள் வந்து, இரண்டரைக்கு என் படியைத் தொட்டுவிடும், அதற்கப்புறம்தான் நான் முறத்தையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாசலில் உட்காருவதே. டீச்சர்கூட மாடியிலிருந்து, என் வீட்டு நிழலுக்கு வாடகை குடுடி என்பார். சுட்டது என்றால் நிழல் வரவில்லை. நிழல் வரவில்லை என்றால் இரண்டரைக்கு முன்னால். இரண்டரைக்கு டீச்சர் உயிரோடு, போனில், பேரன் சாப்பிட்டானா என்று கேட்டுக்கொண்டு. அப்படியென்றால் நான் பார்த்த வண்டி போனபோது டீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாடகத்தில் இப்படித்தான் ஒரு சின்னப் பொருளில் எல்லாம் திரும்பும், ஒரு பொத்தான், ஒரு காபிக் கறை. அதனாலேயே சந்தேகமும் வந்துவிட்டது. நான் குதித்தேனா? நிஜமாகக் குதித்தேனா, இல்லை இந்தக் குளிர்ந்த சிமெண்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த அம்மா என் பிள்ளையின் மூக்கைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, இப்போது குதிக்கிறேனா? மூன்றுக்குப் பத்தையும் நான் இப்படித்தான் கண்ணால் பார்த்ததைப் போலச் சொன்னேன். உள்ளங்காலைத் தடவிப்பார்த்தேன், உள்ளங்கால் என்ன சொல்லும்? டீச்சரின் நிழல் கேலி ஞாபகம் இருக்கிறது. அது நிஜம். சூடு ஞாபகம் இருக்கிறது. அது அன்றைய சூடா, வேறொரு நாள் சூடா, மாதத்தில் முப்பது நாளும் நான் அந்த வாசலில் வெறுங்காலோடு ஓடுகிறவள். ஆகக்கூடி நிச்சயமாகத் தெரிந்தது என்று ஒன்றுதான் மிஞ்சுகிறது, அன்றைக்குக் கரண்ட் இல்லை, எனக்கு நேரம் தெரியாது. மிச்சத்தை, கால் சுட்ட மாதிரி ஞாபகம் என்று ஞாபகமாகவே சொல்லலாம். சொல்ல விடுவார்களா? சங்கரலிங்கத்தின் வக்கீல் சின்னப் பையன், இன்னொரு கேஸ் விஷயமாகப் போனில் பேசிக்கொண்டே அலைகிறார். அன்னைக்குக் கரண்ட் இருந்துச்சா என்று அவருக்குக் கேட்கத் தோன்றுமா? தோன்றாது. கேட்காததை நானாகச் சொன்னால் ஐயா அதை இங்கிலீஷில் சொல்வாரா, பச்சை ஜாக்கெட் முழங்கை அசையுமா?

உள்ளே முழங்கை நின்றுவிட்டது. ஃபேன் சத்தம் மட்டும். வெள்ளை உடையும் சிவப்புப் பட்டையுமாக ஒருத்தர் வாசலுக்கு வந்து, காளீஸ்வரி, காளீஸ்வரி, காளீஸ்வரி என்று மூன்று தடவை, பக்கத்திலேயே இருக்கிற என்னை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைப் போலக் கூப்பிட்டார். ஏட்டு ஓடிவந்து, ரெண்டு அம்பது, மறந்துராத என்று காதருகில் சொன்னார். நான் எழுந்தேன். போனில் காத்துக்கொண்டே நின்ற அந்த வாய் ஞாபகம் வந்தது, நான் தட்டினால்தான் பேசும். படியில் இவள் அப்பா ஏறிவரவில்லை. பாப்பா மாரிக்கனியின் மடிக்கே ஏறிவிட்டிருந்தது, வெள்ளை வேட்டியின் கரையைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தூக்கி என்னிடம் நீட்டினார். ஏட்டு பார்த்துக்கொண்டிருந்தார், வக்கீல் போனைக் காதிலிருந்து எடுத்தார். நான் கையை நீட்டவில்லை.

"நீங்களே வச்சுக்கிடுங்கக்கா. நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் நேரமாகும். அழுதா வேட்டியையே கடிக்கக் குடுங்க."